அவரு இன்னிக்கு என்ன செஞ்சாரு

நான் பட்டாசுக் கம்பெனியில லேபிள் ஒட்டுறவ. அதுக்கு நடுவுல ஒரு நாவலும் எழுதிக்கிட்டிருக்கேன்னு சொன்னா சிரிக்கத்தான் செய்வாக. சிரிச்சிட்டுப் போகட்டும். சிரிக்கிறவுக யாரும் எனக்கு வந்து தோசைக்கு மாவாட்டித் தரப் போறதில்ல.

முதல்ல எல்லாரையும் மாதிரி வீட்டுல உக்காந்துதான் எழுதிப் பாத்தேன். எங்கிட்டு எழுத? வேலை முடிஞ்சு வந்து, உலை வச்சு, ஏனம் கழுவிட்டு உக்காந்தா தோள்பட்டை ரெண்டும் என்னுது இல்லாத மாதிரி கழண்டு தொங்கும். ஒரு வரி எழுதுறதுக்குள்ள கண்ணு சொருகிரும். சரி, ஞாயித்துக்கிழமை மொத்தமா எழுதிருவோம்னு நினைப்பேன். எங்களுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா துணி துவைக்கிற நாளு, வேற ஒண்ணும் கிடையாது. இப்படியே ரெண்டு சீசன் ஓடிப்போச்சு. முதல் அத்தியாயத்துல கல்யாண வீட்டுக்குக் கிளம்புன ஆளு இன்னும் செருப்பு மாட்டல.

கம்பெனிக்குள்ள எழுதலாம்னா வழியே இல்ல. கேட்டுலயே போன், சாவி, கொண்டையில குத்துன ஊசி வரைக்கும் வாங்கி வச்சிருவாக. ஒரு பொறி போதும்ல, அவுகளச் சொல்லி என்ன செய்ய. சேலைக்கு மேல ஆம்பளச் சட்டையைப் போட்டுக்கிட்டு உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் கையும் தலையும்தான் நம்ம கூட இருக்கும். கை பாட்டுக்குப் பசையைத் தடவும், லேபிளை ஒட்டும், அடுத்த டப்பாவை இழுக்கும். தலை சும்மாதான கிடக்குன்னு ஒரு நாள் தோணுச்சு.

அன்னையிலருந்து தலைக்குள்ளயே எழுத ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு நாலு வரி. அதுக்கு மேல போனா மறந்துரும். காலையில ஒரு வரி, கஞ்சி குடிக்கப் போறதுக்குள்ள ரெண்டு வரி, பொழுது சாயுறதுக்குள்ள கடைசி வரி. பிள்ளைக வாய்ப்பாடு சொல்ற மாதிரி அதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கிட்டு இருப்பேன். கேட்டைத் தாண்டிப் போன் கைக்கு வந்ததும் பஸ்சுல ஏறி உக்காந்து போன்ல சொல்லிருவேன். நாம பேசப் பேச அதுவாத் தமிழ்ல எழுதிக்கிடும். பக்கத்து சீட்டு மதினி மகளைத் திட்டுறதும் சேந்து நாவல்ல ஏறிரும். அதைப் பெறகு அழிக்கணும்.

கம்பெனி பஸ்சுல ரகசியம் ஏது? "எழுத்தாளரம்மா வந்தாச்சு, சன்னலோரம் இடம் விடுங்கடி"ன்னு கேலி. கேலி பண்ணுனவளுகதான் பெறகு "நேத்து எதுல விட்ட?"ன்னு கேட்டாளுக. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு, பொய் சொல்லுவானேன்.

கதையில வர்ற ஆளும் எங்களை மாதிரி கம்பெனிக்குப் போற ஆளுதான். வாயாடி மனுசன். பொண்டாட்டி மேல கொள்ளைப் பிரியம். அவன் சாகணும்னு நான் முன்னாலயே முடிவு பண்ணிட்டேன். எங்க பக்கத்துக் கதை வேற எங்க போய் முடியும்? வெளியூர்க்காரக எங்களைப் பத்திப் படிக்கிறதுன்னாலே நாங்க செத்ததைத்தான படிக்கிறாக. அதனால ஒரு நாள் பஸ்சுல இப்படிச் சொன்னேன்: வெடிமருந்து கலக்குற ஆளு அன்னைக்கு லீவு, போர்மேன் இவனைக் கூப்பிட்டு, இன்னைக்கு ஒரு நாள் நீ மருந்து ரூமுக்குப் போன்னுட்டாரு.

பழக்கமில்லாத கை மருந்து கலக்குனா என்ன ஆகும்னு பஸ்சுல எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வரி போதும், எங்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்ல.

பின் சீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளை. பொங்கலுக்குப் பெறகு புதுசா வேலைக்குச் சேந்தது, ஊரு ஆனைக்குட்டம் பக்கம். யார்கிட்டயும் அதிகம் பேசாது. அதுதான் குனிஞ்சு என் காதுகிட்ட சொல்லுச்சு: "அக்கா, அவர அங்கன அனுப்பாதீக."

"கதைதான தாயி"ன்னேன்.

"கதைதான. அப்ப மாத்துறதுல என்ன கஷ்டம் இருக்கு?"

அது இறங்கிப் போன பெறகு பக்கத்து சீட்டு மதினி விசயத்தைச் சொன்னாக. அந்தப் பிள்ளையோட வீட்டுக்காரரும் இப்படித்தான் லீவு போட்ட ஆளுக்குப் பதிலா ஒரு நாளைக்குன்னு உள்ள போயிருக்காரு. அந்த ஒரு நாளோட சரி.

எனக்கு முதல்ல எரிச்சல்தான் வந்துச்சு. எம்புட்டு நாளா முக்கி முக்கி இழுத்துட்டு வந்த கதை, அதை இப்ப எப்படி மாத்த? அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. மறுநாள் லேபிள் ஒட்டிக்கிட்டே யோசிச்சு, அவனுக்கு வயித்தைக் கலக்கிருச்சு, போர்மேன் நாலு ஏச்சு ஏசி வீட்டுக்கு அனுப்பிட்டாருன்னு வச்சேன். கேவலமான வரி. படிச்சவுக காறித் துப்புவாக. சாயங்காலம் அதைப் பஸ்சுல சொன்னேன். இறங்கும்போது அந்தப் பிள்ளை என் தோளைத் தொட்டுட்டுப் போச்சு.

அன்னையிலருந்து என் பக்கத்து சீட்டு அதுக்குத்தான். ஏறி உக்காந்ததும் கேக்கும்: "அவரு இன்னிக்கு என்ன செஞ்சாரு?"

தினமும் பத்து நிமிசம் ஒதுக்குங்க, எதையும் சாதிச்சிரலாம்னு போன்ல ஒரு தம்பி சிரிச்சுக்கிட்டே பேசுறாரு. அவரு ஒரு நாள் எங்க பஸ்சுல வந்து உக்காரணும். தீபாவளி ஆர்டர் நெருங்க நெருங்க நிமிர நேரமில்ல. நகக்கண்ணுல ஏறுன வெள்ளிப்பொடி சோத்துல கை வைக்கும்போதும் மினுங்கும். காய்ச்சலோட வேலைக்குப் போன நாள்லயும் அந்த ஆளுக்கு ஒரு வேலை குடுத்தாகணும். சந்தைக்குப் போனாரு, இருக்கன்குடியில மொட்டை போட்டாரு, மச்சினனோட சண்டை போட்டுப் பேசாம இருந்தாரு. கதை ஒரு அடி நகரல. நான் எழுத நினைச்ச நாவல் இது இல்லவே இல்ல. இருந்தாலும் ஒரு நாள் கூட விடல. விட முடியல, அம்புட்டுதான்.

தீபாவளி முடிஞ்சதும் கம்பெனியை அடைச்சாக. அடைமழை. எனக்கு விடுதலை. தூங்குனேன், எந்திச்சேன், திரும்பத் தூங்குனேன். ஒரு வரி நினைக்கல. அந்த ஆளு எப்படியோ போறாருன்னு விட்டுட்டேன்.

ஒரு மத்தியானம் அந்தப் பிள்ளை குடையும் கையுமா வாசல்ல நிக்குது. கையில ஒரு பொட்டலம் காராச்சேவு. மழையில ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கு. எதுக்கு வந்திருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் நான் கதைப் பேச்சை எடுக்கல, அம்புட்டு அலுப்பு. கண்மாய் நிரம்புனதைப் பேசுனோம், என் மக படிப்பைப் பேசுனோம். காப்பி போட அடுப்படிக்குப் போனேன். அதுவும் பின்னாலயே வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"அவரு என்னக்கா செய்யுறாரு?"

"கம்பெனி லீவுல்ல. வீட்டுலதான் இருக்காரு."

"வீட்டுல என்ன செய்யுறாரு?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஓடு ஒழுகுதுன்னு மேல ஏறி தார்ப்பாய் போடுறாரு."

"ஐயோ, வழுக்குமேக்கா." அதுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு.

"இறங்கிட்டாரு தாயி. இப்பத்தான் இறங்குனாரு."

"தலையைத் துவட்டுனாரா?"

"துவட்டிட்டாரு."

அப்பத்தான் அதுக்கு மூச்சு வந்துச்சு. எனக்கும் ஒண்ணு விளங்குச்சு. இந்த நாவலை நான் முடிக்கப் போறதில்ல. முடிக்கக் கூடாது. கை ஓயுற வரைக்கும் நாலு நாலு வரியா இந்த மனுசனைச் சாப்பிட வச்சு, தூங்க வச்சு, எழுப்பிக்கிட்டே இருக்கணும். அடுப்பு முன்னால நின்னு அழுதேன். அதுக்காக அழுதேனா எனக்காக அழுதேனான்னு தெரியல.

"இப்ப என்ன செய்யுறாரு?"ன்னுச்சு.

"காப்பிக்கு உக்காந்திருக்காரு."

"சீனி தூக்கலாப் போடுங்கக்கா, அவருக்கு அப்படி இருந்தாத்தான் இறங்கும்."

கதையில நான் அப்படி ஒரு வரி சொன்னதே இல்ல. சீனி டப்பாவை எடுத்து இன்னொரு கரண்டி போட்டேன்.