பதினேழாம் சதுரத்துக் காடு

ரூபிகாவுக்கு யாரையும் உடனே நம்ப வராது. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தாயோடு தங்கியிருந்த காலத்தில், வடக்கிலிருந்து வந்த தமிழர் கட்டாயம் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். சந்தேகக் கண்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வளர்ந்ததில் அந்தப் பார்வை அவளுக்கும் தொற்றிவிட்டது. நாற்பது தாண்டியும் போகவில்லை. தக்காளியை அடியிலிருந்து கிளறித்தான் எடுப்பாள். கணவன் சாரங்கன் "ட்ரெயின் லேட்" என்றால், ரயில்பாதை ஓடும் கடற்பக்க யன்னலைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காதுகொடுப்பாள்.

அவள் வேலைக்கு அது தோதான குணம். இரத்மலானையில் ஒரு சிறிய ஆய்வு நிலையம். ஒரு காட்டின் உயிர்த்திணிவு எவ்வளவு, அதாவது அங்குள்ள மரங்களை வெட்டாமல், நிறுக்காமல், அவை எத்தனை தொன் வரும் என்று கணிப்பது அவள் பொறுப்பு. விண்ணில் சுற்றும் செய்மதி மேலிருந்து மரங்களின் உயரத்தைச் சொல்லும். கீழே சில இடங்களில் மட்டும் கயிற்றால் சதுரம் போட்டு, மரங்களின் சுற்றளவை நாடாவாலும் உயரத்தைக் கருவியாலும் அளந்து வர ஆள் வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் மிச்சக் காட்டையும் கணிக்கலாம். அளந்து வருபவர் ஹியூபேட். கொச்சிக்கடை ஊர்க்காரர், ஐம்பது வயது, அதிகம் கதைக்கமாட்டார்.

போன மே மாதம் இரத்தினபுரிப் பக்கத்து மழைக்காடு ஒன்றின் அளவுத் தாள்கள் வந்தன. பதினேழாம் சதுரத்தில் அவள் விரல் நின்றது. ஹியூபேட்டின் தாளில் முப்பது மீற்றர் உயர மரங்கள். செய்மதிப் படத்திலோ அந்த இடத்தில் மூன்று மீற்றருக்கு மேல் எதுவுமே இல்லை.

'மனுசன் காட்டுக்குள்ள கால் வைக்கேல்லை' என்று நினைத்தாள். தாளை மறுபடி பார்த்தாள். சுற்றளவுகள் எல்லாம், அளக்காமல் மனம்போனபடி போட்டவைபோல, ஐந்திலோ பூச்சியத்திலோ முடிந்தன. அந்தத் திகதியில் அங்கே கொட்டோ கொட்டென்று மழை. சந்தேகம் வேர்விட்டுவிட்டது. ஹியூபேட்டிடம் ஒன்றும் கேட்காமல், அலுவலக வான் சாரதி நப்ரீஸை மெல்லக் கூப்பிட்டாள்.

"அண்டைக்கு ஹியூபேட்டை எங்க இறக்கினனீங்கள்?"

"காட்டு வாசல்ல மிஸ். பொறகு நா டீ குடிக்கப் போன. அவரு உள்ளுக்குப் போனாரோ என்னமோ, எனக்கு எப்படித் தெரியும்?"

அது போதுமாயிருந்தது. நேரே பணிப்பாளர் தனஞ்சயனிடம் போனாள்.

"சேர், இந்தத் தாளில எனக்கு நம்பிக்கையில்லை."

"அப்ப ரெண்டு பேரும் போய்ப் பாத்திட்டு வாங்கோ," என்றார் அவர்.

அடுத்த கிழமை, ஹியூபேட் முன்னால் நடக்க, ரூபிகா தன் ஜீபீஎஸ் கருவியை அவர் கண்ணில் படாமல் பிடித்தபடி பின்னால் நடந்தாள். ஓரிடத்தில் கருவி இடப்பக்கம் திரும்பச் சொன்னது. அவர் நேரே போனார். வேறெங்கோ கொண்டுபோய்க் காட்டி ஏமாற்றப் பார்க்கிறார் என்று பட்டது.

"எங்க போறியள்? இடம் இந்தப் பக்கம்."

"பதினேழு இங்கதான் மிஸ்."

இருநூறு மீற்றர் போனதும் நெடிய மரங்கள் எழுந்து நின்றன. பட்டையில் சிவப்புப் பூச்சு, ஆணியில் தொங்கிய தகட்டில் 17, பக்கத்தில் அளந்த திகதி. நாடாவை அவளே வாங்கி முதல் மரத்தை அளந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். தாளில் இருநூற்றுப் பத்து.

"அந்த ரெண்டு எங்க போச்சு?"

"மழையில நாடாவில சின்னக்கோடு தெரியல. அது என் பிழைதான்."

"சரி. இடம் ஏன் மாறிக் கிடக்கு?"

"நல்ல ஜீபீஎஸ் தண்ணிபட்டு நின்டுட்டு. பழசத்தான் எடுத்தன். அது பழைய மெப் முறையில இடம் காட்டுறது, புது முறைக்கு மாத்தித்தான் படத்தில போடணும். தாளுக்குப் பின்னால எழுதியிருந்தனே மிஸ்."

தாளின் பின்பக்கத்தை ரூபிகா பார்த்ததே இல்லை. தாள்களின் முன்பக்கத்தை மட்டுமே ஸ்கேன் செய்திருந்தாள். பழைய இலக்கங்களை அப்படியே செய்மதிப் படத்தில் போட்டதும் அவள்தான். அந்தப் பயணத்தில் அளந்த ஒன்பது சதுரங்களும் இடம் பெயர்ந்திருந்தன. மற்ற எட்டும் நடுக்காட்டிலேயே விழுந்ததால் தெரியவில்லை. பதினேழு மட்டும் ஓரத்தில் இருந்ததால், மண் சரிந்து பன்னச் செடிகள் மட்டும் மூடிய மரமில்லா வெளியில் போய் விழுந்திருந்தது.

ஹியூபேட் காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டார். "நப்ரீஸ்கிட்ட விசாரிச்சது எனக்குத் தெரியும் மிஸ். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கோணும்," என்றாள். நாடாவைச் சுருட்டி அவரிடம் கொடுத்தாள்.

திரும்பி வந்ததும், பிழை தன்னுடையது என்று தனஞ்சயனுக்கு எழுதிக் கொடுத்தாள். ஒன்பது சதுரங்களையும் சரியான இடத்தில் வைத்து மறுபடி கணித்தபோது எல்லாம் பொருந்தின. ஆனாலும் ஆறுதல் வரவில்லை. நாலு வருடத்துக் கோப்புகளை இழுத்துப்போட்டு, வேறு யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோலத் தன் வேலையையே துருவினாள். இன்னொரு பிழை அகப்பட்டது. அதையும் எழுதிக் கொடுத்தாள்.

ஹியூபேட் இப்போது அலுவலகத்தில் குட் மோர்னிங் சொல்வதோடு சரி. போன மாதம் வந்த புதுத் தாளில், ஒரு சதுரத்து மரங்களின் உயரம் முன்னையதைவிடக் குறைந்திருந்தது. இந்தமுறை அவள் அவருடைய மேசைக்கே போனாள்.

"ஹியூபேட் அண்ணை, இருபத்திமூண்டாம் சதுரத்தில என்ன நடந்தது?"

"ரெண்டு பெரிய மரம் காத்துக்கு விழுந்துட்டு மிஸ். போட்டோ இருக்கு."

"அனுப்புங்கோ."

அனுப்பினார். ரூபிகா படத்தைத் திறந்து, விழுந்த மரத்தின் தகட்டு இலக்கம் தெரியும்வரை பெரிதாக்கினாள்.