சொல்லிக்கொண்டு போவதா, சொல்லாமல் போவதா

காலை ஏழரை மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியபோதே குழப்பம் தொடங்கிவிட்டது. துக்க வீடு என்றால் மாலை வாங்க வேண்டும். சும்மா பார்க்கப் போகும் வீடு என்றால் பழம் வாங்க வேண்டும். நான் போகிற வீடு இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது.

இசக்கிமுத்துவும் நானும் வெளிநாட்டில் ஒரே கட்டடத்தில் ஒயரிங் வேலை பார்த்தவர்கள். அந்த மலைநாட்டின் பெயரை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. பூகம்பம் வந்தபோது நான் வேலையிடத்தில் இருந்தேன். அவன் விடுதியில் படுத்திருந்தான். விடுதி மண்ணோடு மண்ணாகிவிட்டது. பல வாரங்கள் தோண்டிப் பார்த்துவிட்டு, கிடைக்காதவர்கள் எல்லோரும் இறந்தவர்களே என்று அந்த அரசாங்கம் அறிவித்தது. ஒரு நாள் குறித்து நாடே துக்கம் காத்தது. ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி நின்றார். ரொட்டிக் கடைக்காரர் மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்து நின்றார். முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெயர்களையெல்லாம் கல்லில் வெட்டினார்கள், பிழைக்கப் போன எங்கள் ஆட்களையும் விடாமல். ஒரு நாடு இதைவிட வேறு என்ன செய்யும்? எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

எட்டேகாலுக்கு இசக்கியின் ஊரான முக்கூடலுக்குப் பஸ். பேட்டை, சுத்தமல்லி விலக்கு வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். ஆறு இடது கைப் பக்கம் வரும் என்று இசக்கி சொல்லியிருந்தான். பிடிவாதமாக இடது பக்க சீட்டைப் பிடித்தேன். வழிநெடுக வாழைத் தோட்டம்தான் தெரிந்தது. அவனைக் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பான்.

முக்கூடலில் இறங்கி டீக்கடையில் இசக்கிமுத்து வீட்டுக்கு வழி கேட்டேன்.

"மவனுக்காக மொட்டை போட்ட அண்ணாச்சி வீடா? நேராப் போயி ரெண்டாவது தெரு. துக்கம் கேக்க வந்தீரா?" என்றார் கடைக்காரர்.

"தெரியலைங்க. மாலை வாங்குறதா, பழம் வாங்குறதா?"

"ஒண்ணும் வாங்காதேயும் வே. அந்த வீட்டுல மாமனாருக்கு மவன் செத்துட்டான். மருமவளுக்குப் புருசன் சாவல. எதைக் கொண்டுபோனாலும் ஒரு மொகம் சுண்டிப்போவும்."

வெறுங்கையோடு போனேன்.

துக்க வீட்டில் வந்தவரை 'வாங்க' என்று கேட்பது வழக்கமில்லை. இசக்கியின் அப்பா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். உள்ளேயிருந்து அவன் மனைவி மாரிச்செல்வி, நெற்றியில் பொட்டும் மடியில் பீடித் தட்டுமாக, "வாங்கண்ணே, பஸ்சுல கூட்டமோ?" என்றாள். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றேன்.

"அந்தக் கல்லைப் போட்டோ புடிச்சு வச்சிருக்கதா போன்ல சொன்னியளே தம்பி?" என்றார் அப்பா. செல்போனை நீட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இதுல எது எம் மவன்?"

மூன்றாவது வரியைக் காட்டினேன். அந்த எழுத்து எனக்கும் தெரியாது. அன்றைக்கு ஒருவர் தொட்டுக் காட்டிய வரி அதுதான் என்று நினைக்கிறேன். இப்போது அதுவும் சந்தேகமாகிவிட்டது.

மாரிச்செல்வி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பீடி சுற்றும் கை நிற்காமல், "நீங்க கண்ணால பாத்தியளாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"உடம்பையாவது?"

"இல்ல."

"கூட இருந்த நீங்களே பாக்கல. கல்லு மட்டும் எப்படிப் பாத்துச்சு?"

"நாடே எந்திரிச்சு நின்னுருக்கு தாயி," என்றார் அப்பா.

"நின்னவுக நின்னுக்கிடட்டும் மாமா. நான் எந்திரிக்க மாட்டேன்."

எனக்கு முதலில் அவள் மேல் கோபம் வந்தது. அவ்வளவு பேர் அழுததை ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டாளே என்று. சற்று நேரத்தில் அந்தக் கல் மேலேயே கோபம் வந்தது. அவ்வளவு அவசரம் என்ன? மதியம் மீன்குழம்பு வைத்துச் சோறு போட்டாள். இந்த வீட்டில் சாப்பிடலாமா கூடாதா என்று விளங்காமலே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

நாலு மணிக்குப் புறப்பட வேண்டும். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். எங்கள் விழுப்புரம் பக்கமும் அதே வழக்கம்தான். 'போய் வருகிறேன்' என்றால் அப்பாவின் துக்கத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஆகும். சொல்லாமல் போனால், உன் புருஷன் செத்துவிட்டான் என்று இவள் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகும். அப்பா எனக்கு வசதியாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாரிச்செல்வி கதவருகே வந்து நின்று என் வாயையே பார்த்தாள். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியில் வாய் திறக்காமல் இறங்கினேன்.

"சொல்லாமலே போறியளேண்ணே…" அன்று முழுக்க நிமிர்ந்தே இருந்த குரல் அங்கே உடைந்தது.

திரும்பி, "போயிட்டு வர்றேம்மா," என்றேன். சொன்ன பிறகுதான் அப்பாவின் நினைவு வந்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

பஸ் நிலையம் வரை திட்டு விழும் என்று காத்திருந்தேன். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"அவன் சின்னதுலயே நல்லா ஓடுவான் தம்பி. இந்த ஊர்ல அவனை ஒரு பய ஓடிப் புடிச்சதில்ல."

பஸ் நகர்ந்தது. அவரும் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

"போயிட்டு வாங்க," என்றார்.