ரயில் பாலத்துத் தூணில் மூன்று சுண்ணாம்புக் கோடுகள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு மூட்டைகளின் மேல் எடைக்குறி போட்டதைத் தவிர அதிகம் எழுதியதில்லை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். எழுதுகிற இடத்தில் என் முன்னால் ஒரு சிறிய பித்தளைத் தூக்கு இருக்கிறது. அதன் அடியில் சுண்ணாம்பு காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. போன மாதம் என் தங்கை இதைக் கொண்டுவந்து, "அவுக ஞாபகமா நீயே வச்சுக்கண்ணே" என்று கொடுத்தாள். இதைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

தூக்கு அவள் புருஷனுடையது. என்னைவிட ஆறு வயது இளையவர். நான் மாப்பிள்ளை என்பேன், அவர் மச்சான் என்பார். சர்வே ஆபீஸில் செயின்மேன் வேலை. நிலத்தை அளக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் போய், அளந்த இடத்தில் கல் நட்டு, அதில் சுண்ணாம்பால் குறி போடவேண்டும். ஒரு வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். குறி போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. சிம்மக்கல்லில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. விடியற்காலையில் இருவரும் வைகையில் குளிக்கப் போவோம். அங்கே புதிதாக ஒரு பறவையைப் பார்த்துவிட்டால், அது நின்ற இடத்துக்கு அருகில் இருக்கும் கல்லில் வட்டமும் பெருக்கலும் போட்டுவிடுவார். எதற்கு என்று கேட்டால், "நாளைக்கு எம்புட்டு தூரம் தள்ளி நிக்குதுன்னு தெரியணும்ல மச்சான்" என்பார்.

அந்த வருஷம் மார்கழியில்தான் வாத்து மாதிரிப் பெரிய தாராக்கள் வந்தன. நாற்பத்திரண்டாம் வருஷம். ஏழு இருந்தன. சாம்பல் உடம்பு, மஞ்சள் கால். வெள்ளைத் தலையின் பின்பக்கம் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டைகள். சமயநல்லூர் பக்கத்து வயல்களில் இராத்திரி மேய்ந்துவிட்டு, விடிந்ததும் ரயில் பாலத்துக்கு மேற்கே தேங்கியிருந்த தண்ணீரில் வந்து இறங்கும். துணி வெளுக்கிறவர்களைக் கேட்டோம், மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டோம். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. "பின்மண்டையில பட்டை போட்டிருக்கான் பாருங்க, கோயிலுக்குப் போயிட்டு வாரான் போல" என்று சொல்லி, பட்டைத் தாரா என்று மாப்பிள்ளையே பெயர் வைத்தார். நான் நெட்டையன். என்னைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைப்பார். "குனிங்க மச்சான். இந்த உசரத்துக்கு நின்னா அதுக கிளம்பிரும்." மணலில் தவழ்ந்து போவோம். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்காத எனக்கு அந்தக் காலை நேரங்கள்தான் சந்தோஷம்.

ஆனால் ஊர் பயத்தில் இருந்தது. ஆகஸ்டு மாதத்திலிருந்து தந்திக் கம்பி அறுந்தது, தண்டவாளம் பெயர்ந்தது என்று தினம் ஒரு பேச்சு. ரயில் பாலத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள். யார் வீட்டு ஆளை எப்போது கூட்டிப்போவார்கள் என்று தெரியாது. "என்ன வேணும்னாலும் செய்யுங்க, பாலத்துப் பக்கம் மட்டும் போயிராதீக" என்று மாப்பிள்ளை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

பிறகு அவர் மூன்று நாள் முகாமுக்கு வெளியூர் போனார். மூன்றாம் நாள் நான் தனியாக ஆற்றுக்குப் போனேன், அவர் வீட்டில் விட்டுப்போன தூக்கையும் சுண்ணாம்பு பூசும் மட்டையையும் எடுத்துக்கொண்டு. தண்ணீர் வற்றிக்கொண்டே வந்ததால் தாராக்கள் அன்றைக்குப் பாலத்தின் மூன்றாவது தூணின் அடியில் நின்றன. அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. அவை எழுந்து போய்விட்டன. மாப்பிள்ளை வந்ததும் காட்டவேண்டும். சுற்றிலும் மணல், ஒரு கல் இல்லை. பனியில் காவல்காரர்கள் யாரும் கண்ணில் படவில்லை. வட்டம் போட எனக்கு வராது. தூணிலேயே சாய்வாக மூன்று கோடுகள் இழுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் என்பதற்கு மூன்று. அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றுமே தோன்றவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ, தெரியாது.

மாப்பிள்ளை அன்று சாயங்காலம் திரும்பினார். நான் சொல்வதற்குள் அசந்து தூங்கிவிட்டார். மறுநாள் விடியும்போதே போலீஸ் வந்துவிட்டது. ஒரு ஏட்டு, மூன்று கான்ஸ்டபிள்கள். ஆற்றில் குறி போடும் செயின்மேன் யார் என்று குளிக்கும் துறையில் விசாரித்திருக்கிறார்கள். ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த என் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, நீயும் கூடப் போண்ணே" என்றாள். போனேன். என் விரல் நகங்களுக்குள் முந்தின நாள் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. இரண்டு கைகளையும் அக்குளில் ஒடுக்கிக்கொண்டேன்.

"என்னடா, குளிருதா?" என்றார் ஒரு கான்ஸ்டபிள். தலையை ஆட்டினேன்.

தூணுக்கு முன்னால் நிறுத்தி, "இது யார் போட்டது? எந்த இடத்துல வெடி வைக்கணும்னு அடையாளமா?" என்று ஏட்டு கேட்டார். மாப்பிள்ளை அந்தக் கோடுகளைப் பார்த்தார். அவருடைய குறி இல்லை என்பது பார்த்த கணமே அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிக் கோணலாகக் கோடு இழுக்கிற கை எது என்பதும் தெரிந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாங்கய்யா."

"எதுக்கு?"

"தாரா நின்ன இடங்கய்யா. வடக்க இருந்து வந்த தாரா. ஏழு."

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். "தாராக்கறி திங்க வந்தேன்னு சொல்லு, நம்புறோம். தாராவப் பாக்க வந்தானாம்ல!" ஏட்டு சிரிக்கவில்லை. "சரி, காட்டு. வந்தா விட்டுர்றேன்" என்றார்.

நின்றோம். கிழக்கே பனி விலகி, கோபுரங்களின் நுனி தெரிய ஆரம்பித்தது. ஒரு கூட்ஸ் வண்டி பாலத்தை அதிரவைத்துக்கொண்டு போயிற்று. வானத்தில் ஒன்றும் இல்லை. "இம்புட்டுப் பேரு சிவப்புத் தலைப்பாவோட நின்னா வராதுங்கய்யா. கொஞ்சம் எல்லாரும் உக்காந்தா..." என்று மாப்பிள்ளை கெஞ்சினார். "ஒரு வாத்துக்காக நான் மணல்ல உக்காரணுமா?" என்று ஏட்டு அவர் கழுத்தில் கைவைத்துத் தள்ளினார். கரையை நோக்கி நடத்திப் போனார்கள். நான் பின்னால் போகவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் கரையேறுவதற்குள் தலைக்கு மேல் மூக்கால் கூப்பிடுவது போன்ற தாராக்களின் சத்தம் கேட்டது. ஏழும் வந்தன. தாழ்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தூணடியில் இறங்கின. உட்கார்ந்திருந்த என்னை ஒரு பொருட்டாகவே அவை நினைக்கவில்லை. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கூப்பிடு தூரத்தில்தான் சிவப்புத் தலைப்பாக்கள் போய்க்கொண்டிருந்தன. வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் என்னைப் பார்ப்பார்கள், என் கையைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வாய் திறந்தபடியே இருந்தது, குரல் வரவில்லை. அவர்கள் மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

பதினோரு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பதினோரு நாளும் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் கொல்லைக்கு ஓடினேன். பாலத்துக்கு ஒன்றும் ஆகாததால் கடைசியில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். வேலை போய்விட்டது. இடது காலைச் சாய்த்து வைத்து நடந்து வந்தார். கோடு போட்டது யார் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. தங்கை வெந்நீர் வைக்க உள்ளே போன நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு நாங்க போனப்பறம் வந்துச்சா மச்சான்?"

வந்தது என்றால், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார். "வரல மாப்ள" என்றேன்.

"பயந்து போயிருக்கும். நம்மாலதான்" என்றார். அதோடு சரி. தூக்கைப் பரணில் போட்டுவிட்டார். நான் எடைபோடும் மண்டியிலேயே அவருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஏறக்குறைய ஏழு வருஷம் ஒரே தராசுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஒவ்வொரு மார்கழியிலும் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வரும். அவர் ஆற்றுக்குப் போவதையே விட்டுவிட்டு வீட்டுக் கிணற்றில் குளித்தார். இந்தப் புரட்டாசியில் காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள் போய்விட்டார்.

இன்று விடியற்காலையில் நான் ரயில் பாலத்துக்குப் போய்வந்தேன். காவல் இல்லை, யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. இருந்தும் கைகளை அக்குளில் ஒடுக்கிக்கொண்டுதான் நடந்தேன். எத்தனையோ வெள்ளம் போன தூணில் கோடுகள் இல்லை. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். தாராக்களும் வரவில்லை. வீட்டுக்கு வந்து இந்தத் தூக்கை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, தெரிந்த எழுத்துகளில் எழுதுகிறேன்.

அன்றைக்கு வந்தன மாப்பிள்ளை. ஏழும் வந்தன.

மதுரை,
விரோதி வருஷம், மார்கழி 16.