புள்ளி விட்டுப்போன பெயர்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவே திருதிருவென்று முழிக்கும். மின்மினிக்காரர் என்று கேட்டால் கடை வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். 'மின்மினி' கம்ப்யூட்டர் செய்த கம்பெனியை இழுத்து மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனாலும் அந்தக் கனத்த பெட்டியை விடாப்பிடியாக வைத்திருக்கும் கிறுக்கர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் இவருடைய ரிப்பேர் கடை ஓடுகிறது.

மனைவியை அவர் முதலில் பார்த்தது அந்தக் கம்பெனியில்தான். இவர் பெட்டிகளைச் சோதித்து அனுப்புகிறவர். அவள் பெயர்த்தகடு அச்சடிக்கிறவள். ஒருமுறை 'ன்' தலையில் புள்ளி வைக்க மறந்துவிட்டாள். ஒரு லாரி நிறையப் பெட்டிகள் 'மினமினி' என்றே ஊருக்குள் போய்விட்டன. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் இவர் மட்டும் அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"மினமினியும் நல்லாத்தாங்க இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்த பிறகும் அந்தப் பேச்சை எடுத்தால் சிரிப்பதில்லை. அப்படியொரு தகடோடு பெட்டி எதுவும் ரிப்பேருக்கு வந்தால், பார்க்காதவள் போல உள்ளே போய்விடுவாள். அந்தத் தப்பு அவளுக்கு ஆறவே இல்லை.

இப்போது பழைய பொருள்களின் மேல் ஜனங்களுக்குத் திடீர் ஆசை வந்திருக்கிறது. மின்மினி என்ற பெயரை விலைக்கு வாங்கியது நான்தான் என்று ஒரு நிறுவனமும், உரிமம் என் கையில் இருக்கிறது என்று இன்னொன்றும் கோர்ட்டில் கட்டிப் புரண்டன. இரண்டும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பங்காளிகள் ஒற்றுமையாகிவிட்டார்கள். கடைப் பலகையிலிருந்து 'மின்மினி'யை எடு என்று இரண்டு பேருமே இவருக்கு நோட்டீஸ் விட்டார்கள்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சினன் வந்து, பேசாமல் என் பெயரை வையுங்கள் மச்சான், ராசியான பெயர் என்றான். அவன் தொட்ட தொழில் எதுவும் விளங்கியதில்லை என்பதை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. சுரண்டும் தகட்டைத் தேடி எடுத்து, ஏணியைச் சார்த்திவிட்டு, ஏற மனமில்லாமல் கீழேயே நின்றார்.

"இந்தப் பேரும் போயிட்டா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நோட்டீசையும் படித்தாள். புள்ளி இல்லாத தகடுள்ள பெட்டிகள் எல்லாம் போலி, 'மினமினி' என்ற பெயருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரண்டிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதைத் திரும்பவும் படித்தாள்.

"ஏங்க, இது எங்களுது இல்லன்னு ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

ஆமாம் என்றார்.

"அப்படின்னா அது என்னோடது. நான் பண்ணின தப்பு அது. அதுக்கு வேற யாரும் சொந்தம் கொண்டாட முடியாது."

அவர் கையிலிருந்த சுரண்டும் தகட்டை வாங்கிக்கொண்டு, முழங்கால் வலியையும் பாராமல் அவளே ஏறினாள். அவர் பதறிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் 'ன்' தலையிலிருந்த புள்ளியை மட்டும் பதமாகச் சுரண்டி எடுத்தாள். பெயின்ட் துகள் அவருடைய வழுக்கையில் உதிர்ந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மினமினியும் நல்லாத்தாங்க இருக்கு" என்றார், பழைய மரியாதை குறையாமல்.

ஏணியின் மேலே நின்றபடி அவள் சிரித்துவிட்டாள்.