சீர்த்தட்டு வாழைப்பழம் யாருடைய கதை?

கல்யாண வீடியோ எடுக்கிறவரைக்கும் யாரும் நம்மைத் திருடன் என்பதில்லை. அதே கேமராவில் சொந்தமாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஊரே சொல்லும். இந்தப் பட்டத்தை ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்ட சமயம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கக் கிளம்பிய நானும், எனக்கு லைட் பிடிக்கும் முருகவேலும், விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் பொழுதுக்கும் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட ஒருவர், பசிக்குத் தன் சீர்த்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து பிறந்ததுதான் என் படம். சீர்த்தட்டோடு கிளம்பிய தாய்மாமன் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுகிறான். முகூர்த்தம் தாண்டிப்போகிறது. மரத்தின் மேல் உட்கார்ந்து தட்டிலிருந்த பழத்தை உரித்துத் தின்கிறான். முதலில் முருகவேலுக்குத்தான் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து போனவன் அப்புறம் வேலைக்கே வரவில்லை. நான் அவன் கதையைத் திருடிவிட்டதாக டீக்கடையில் சொன்னானாம். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். படம் போட்ட இடத்திலெல்லாம் அவன் வருவானா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாத்துக்குடி

கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் டிவியும் வீடியோ டெக்கும் கொடுத்துப் பந்தலிலேயே படம் போடச் சொன்னார். முடிந்ததும் கரும்பு விவசாயி ஒருவர் எழுந்தார். அந்த மாமனே தான்தானாம். அக்கா மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் தட்டோடு ரோட்டில் நின்றாராம். அன்றைக்கு நின்ற எல்லோருக்கும் இது பொதுக் கதைதானே என்றேன். அவர் விடவில்லை.

"நான் தின்னது சாத்துக்குடிங்க. அத வாழப்பழம்னு மாத்திட்டா உங்க கதையாயிடுமா?"

பேர் தெரியாத படம்

விழுப்புரத்தில் சினிமா ரசிகர்கள் சிலர் கூடிப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர், இது வெளிநாட்டுப் படம் ஒன்றின் காப்பி என்றார். எந்த நாடு என்று கேட்டேன். அங்கேயும் புளியமரம்தானா என்றும் கேட்டேன். நான் கேட்கக் கேட்க எல்லோரும் அவரைத்தான் நம்பினார்கள். "நாங்க ரெண்டு பேரும் அங்க இருந்தோம்" என்று சொல்ல முருகவேலும் பக்கத்தில் இல்லை. கண்ணாடிக்காரர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பேர்தான் மறந்துபோச்சு தம்பி. ஆனா நிச்சயமா பாத்திருக்கேன்."

வெள்ளிமலைத் தீர்ப்பு

வெள்ளிமலையில் ஒரு டீக்கடைக்காரர் படம் போட இடம் கொடுத்தார். மழை வந்து, கடைசி பஸ்ஸும் புறப்பட, பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். மீதிப் படத்தை அவரும் நானும் பார்த்தோம். மனசு தாங்காமல் என் மேல் விழுந்த பழியையெல்லாம் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு டீ கிளாஸை நீட்டினார்.

"இதையா சார் திருடினீங்கன்றாங்க? அதுக்கு நல்லதா ஒண்ணு திருடியிருக்கலாமே."

கதை: முருகவேல்

கடைசியில் டைட்டிலை மாற்றி 'கதை: முருகவேல்' என்று போட்டேன். என் பேரை எடுத்தே விட்டேன். கேசட்டோடு கள்ளக்குறிச்சியில் அவன் வீட்டுக்குப் போனேன். வா என்றான், உட்காரச் சொன்னான். கேசட்டை மட்டும் வாங்கவில்லை.

"பேர யார்றா கேட்டது? அன்னிக்கி மரத்து மேல நாம ரெண்டு பேரு உக்காந்துகினு இருந்தோம். இருந்த ஒரு பழத்தப் பிச்சி உனக்குப் பாதி குடுத்தேன். உன் படத்துல அந்த ஆளு ஒண்டியா தின்னுகினு கீறான்."

இத்தனை பேர் திருடன் என்றார்களே, எதைத் திருடினேன் என்று சரியாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான். இப்போது கல்யாணங்களில் லைட்டையும் நானே பிடித்துக்கொள்கிறேன்.