வானத்திலிருந்து தெரியாத ஏணி

மும்பை ஒரு தீவு என்பது இங்கே இருக்கிற யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. நல்ல மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்து ரயில் நின்றால்தான் ஊருக்குச் சுரணை வரும். எனக்கு மட்டும் வருஷம் பூராவும் அதே நினைப்பு. சம்பளமே அதற்குத்தான் கொடுக்கிறார்கள்.

தாணேயில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் விரித்து, எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும், அங்கே இருப்பவர்களை எங்கே கூட்டிப்போவது என்று வரைபடம் போடுவோம். இதை அம்மாவுக்கு விளக்கப் போய் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பா போன பிறகு அம்மா தாராவியில், நான் பிறந்து வளர்ந்த அதே சந்தில், தனியாக இருக்கிறாள். கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்துவிட்ட நான், என்னோடு வந்து இரு என்று கூப்பிடாத நாளில்லை. அவளும் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று சொல்லாத நாளில்லை.

"ஏட்டி, மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் குளிக்குத எடம்?"

"சீ, கூரைதாம்மா தெரியும்."

"கூரைய நான் கீழ இருந்தே பாக்கேனே. இதுக்கா உன்ன இம்புட்டு படிக்க வச்சேன்?"

போன வருஷம் மழைக்கு முன்னால் தாராவி எங்கள் மேசைக்கு வந்தது. விதி ரொம்ப எளிது. கட்டடத்தின் உயரத்தைப் படம் சொல்லிவிடும். மாடி இல்லாத வீடு சிவப்பு; எச்சரிக்கை வந்ததும் தொண்டர்கள் வந்து அந்த வீட்டு ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்கள். மாடி இருந்தால் பச்சை; தண்ணீர் வந்தால் மேலே ஏறிக்கொள்ள வேண்டியதுதான். தாராவியில் மாடி இல்லாத வீடு ஏது? கை நீட்டினால் சுவர் இடிக்கிற வீடானாலும் மேலே ஒன்றை எழுப்பி வாடகைக்கு விடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். அம்மாகூட மாடியைத் தோல் பை தைக்கிற பீகார்க்காரர்களுக்கு விட்டிருந்தாள். எங்கள் சந்து திரையில் பச்சைப் பசேலென்று இருந்தது. எனக்கு நிம்மதி.

நிம்மதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு பெருமழைக்கும் அம்மா போனில் ஒரே செய்தியைத்தான் சொல்வாள். "நான் மேல ஏறி உக்காந்துட்டேன். தையக்காரப் பயலுவ சாயா போட்டுக் குடுத்தானுவ. நீ பாட்டுக்கு வேலையப் பாரு." நானும் வேலையைப் பார்ப்பேன்.

வரைபடத்தை முடிப்பதற்கு முன் சில சந்துகளுக்கு நேரில் போய்ச் சரிபார்ப்பது வழக்கம். எங்கள் சந்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மக்கள் சேவை ஒரு பக்கம், அம்மாவின் மீன்குழம்பு ஒரு பக்கம். கூட வந்தவள் நாக்பூரிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சுவரோடு சுவராக நிற்கிற இரும்பு ஏணியை அண்ணாந்து பார்த்தாள். செங்குத்தான ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்குகிற ஒரு கயிறு.

"இதிலேயா ஏறுவார்கள்?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஏணியில் ஒரு கையில் சாயா டம்ளரோடு ஓடி ஏறியவள் நான். சந்து அகலத்துக்குப் படிக்கட்டா கட்ட முடியும்? சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. கூரைக்கு அடியில் நிற்கிற ஏணி எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. எல்லோராலும் அதில் ஏறவும் முடியாது.

வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டு மதினிக்கு மூட்டு வலி. எதிர் வீட்டில் நிறைமாதக்காரி. கடைசியாக எங்கள் வீடு. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே திரும்பாமல் பதில் சொன்னாள்.

"நான் ஏறுவேன். என்னப் பச்சையே போடு."

"எங்க, ஏறிக் காட்டு."

"அடுப்புல மீனு கெடக்கு, இவளுக்கு வேடிக்க காட்டணுமாம்."

மாடியிலிருந்து தையல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அம்மாவை அவர்கள் மாஜி என்றுதான் கூப்பிடுவார்கள். மாஜி மேலே வந்து நான் பார்த்ததே இல்லையே, முட்டி மடங்காதே அவருக்கு, சாயாவை நாங்கள்தானே கீழே கொண்டு வந்து கொடுக்கிறோம் என்றார் வெள்ளந்தியாக. அம்மா அவரை முறைத்த முறைப்பில் தலை உள்ளே போய்விட்டது.

"அப்ப போன மழையில எங்கம்மா இருந்த?"

"இந்தா, இந்த அடுப்பு மேடையிலதான். நல்ல ஒசரம். தண்ணி கட்டிலத் தொட்டுச்சு, மேடையத் தொடல."

"பொய் சொன்னியா?"

"நெசத்தச் சொன்னா நீ என்ன செய்வ? ரயிலு நின்னாலும் இடுப்புத் தண்ணியில நடந்து வருவ. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சாயா கதை சொல்லியிருக்கிறாள். நாக்பூர்க்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அழுதுகொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். குழம்பு மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அலுவலகத்துக்குத் திரும்பிச் சொன்னபோது, ஏணிதான் படத்தில் இல்லையே என்றார் மேலாளர். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். நானும் நாக்பூர்க்காரியும் மறுபடி சந்து சந்தாக அலைந்தோம். ஏற முடியாத ஒருவர் இருந்தாலும் அந்த வீடு சிவப்பு என்று விதியை மாற்ற வைத்தோம். எங்கள் சந்து பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. "நம்ம சந்து மானத்த வாங்கிட்டியே, இனி எவன் வாடகைக்கு வருவான்?" என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஜூலையில் ஒரு நாள் வானம் பொத்துக்கொண்டது. தாணேயில் நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த படம் முழுக்க வெறும் மேகம். தாராவி எங்கே, கடல் எங்கே என்றுகூடத் தெரியவில்லை. ரயில் நின்றுவிட்டது. அம்மா போனை எடுக்கவே இல்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"மேல இருக்கியாம்மா?" என்றேன், பழைய பழக்கத்தில்.

"இல்லட்டி, கீழதான். பள்ளிக்கூடத்துல. தண்ணி வருமுன்னயே உன் ஆளுவ வந்துட்டானுவ. தையக்காரப் பயலுவ வேற என்ன பிளாஸ்டிக் நாற்காலியில உக்காத்தி வச்சு, சப்பரம் தூக்குத மாதிரில்லா தூக்கிட்டு வந்தானுவ. சந்தே பாத்துச் சிரிக்கு."

"நெசமாவா?"

அம்மா யாரிடமோ கேட்டு வீடியோ போட்டாள். கரும்பலகை தெரிந்தது, பெஞ்சில் மதினி தெரிந்தாள், பிறகு படம் ஆடிக்கொண்டே கீழே போய் அம்மாவின் பாதங்களில் நின்றது.

"நல்லாப் பாத்துக்கோ," என்றாள்.

பாதங்கள் இரண்டும் காய்ந்திருந்தன.