பெயருக்கு மேல் விழுந்த கோடு

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் இன்று ஒரு விசாரணை.

எங்களிடம் சரக்கு வாங்கும் பிரான்ஸ்காரருக்கு நான் அடித்த மெயிலில், அவர் பெயரின் கடைசி எழுத்துமேல், பிரெஞ்சில் போடுவதுபோல் சின்னக் கோடு. முதலாளி பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கீபோர்டுல இல்லாத எழுத்து உனக்கு மட்டும் எங்கருந்து வருது? அவன்கூட தனியா பேசுதியா? ஆர்டர வேற கம்பெனிக்குத் திருப்பப் பாக்கியா?"

வேலை போய்விடுமோ என்ற பயத்தில், அவர் கண்முன்னே அந்தப் பெயரை அடித்துக் காட்டினேன். கோடு தானாக விழுந்தது.

"சாஃப்ட்வேரே போட்டுக்கிடுது சார்."

"அப்ப நாம அடிக்கிற அம்புட்டையும் அது படிக்குதா?" குரல் இறங்கிவிட்டது. "மொதல்ல அத ஆஃப் பண்ணு."

எங்கள் தலைக்கு மேல் கேமரா மாட்டி, வீட்டிலிருந்தும் செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பவர் இவர்தான். தன்னை ஒன்று பார்க்கிறது என்றதும் மனிதருக்கு வியர்த்துவிட்டது.

உங்கள் முதலாளிக்கு எதைக் கண்டால் வியர்க்கும்?